பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே

சின்ன வயதில் மின்சாரம் போனால் எங்கள் வீட்டில் பாட்டுக்குப் பாட்டு தொடங்கிவிடும். நான் எப்போதும் தோற்பேன். அக்கா ஒரு பாட்டை 'ப'வில் கொண்டுவந்து நிறுத்தினால், எனக்கு 'ப'வில் தொடங்கும் வரி ஒன்றும் நினைவுக்கு வராது. ஏதோ ஒரு பாட்டின் நடுவில் வரும் கிட்டார்தான் வாயில் வரும். அதையே "டிங் டிடிங்" என்று முழுசாகப் பாடிவிட்டு, "இது 'பனி விழும் மலர் வனம்', பனின்னா 'ப'தானே?" என்பேன். "வார்த்தை இல்லாம பாடினா செல்லாது" என்பாள். அப்பாவும் அவள் பக்கம்தான்.

அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. என் மண்டையில் தங்கிப்போன சினிமா இசையைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் வார்த்தையே கிடையாது. முகப்பில் வரும் வயலின், பல்லவி முடிந்ததும் நுழையும் புல்லாங்குழல், சரணத்துக்குள் தள்ளிவிடும் அந்தக் கடைசி டிரம்ஸ் உருட்டல், இப்படித்தான் இருக்கிறது சேமிப்பு. இவற்றை ரசிகர்கள் 'பிஜிஎம்' என்போம், இசை தெரிந்தவர்கள் 'இன்டர்லூட்' என்பார்கள், வாசிப்பவர்களுக்கு அது வெறும் 'பிட்'. ஃப்ளூட் பிட், வயலின் பிட். நான் இடையிசை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

நம் சினிமாப் பாட்டின் எலும்புக்கூடு எல்லாருக்கும் பழகியதுதான். முகப்பு இசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, இரண்டாவது இடையிசை, இன்னொரு சரணம், பல்லவி, முடிந்தது. பல்லவி, சரணம் என்ற பெயர்கள் கீர்த்தனையிலிருந்து வந்தவை. இடையிசைக்கு மட்டும் அங்கே பாட்டன் பூட்டன் யாரும் இல்லை. கச்சேரியில் பல்லவி முடிந்தால் பாடகரே அடுத்ததை எடுப்பார், வயலின்காரர் அவர் பின்னாலேயே வருவார். வாத்தியக்காரர்களுக்கென்று தனியாக அரை நிமிடம் ஒதுக்கி, அதையும் முன்கூட்டியே எழுதிவைத்து வாசிப்பது சினிமா கொண்டுவந்த பழக்கம்.

அதற்குக் காரணம் படம். திரையில் இரண்டு பேர் பாடும்போது உதட்டசைவு இருக்க வேண்டும். வாய் மூடியிருக்கும் நேரத்தில்தான் அவர்களால் ஓட முடியும், ஆட முடியும், முக்கியமாக உடை மாற்ற முடியும். பச்சைச் சட்டையோடு பல்லவி பாடியவர் மஞ்சள் சட்டையோடு சரணத்துக்கு வருவது இடையிசையின் உபயம். கதை அவசரத்தில் இருந்தால் அந்த அரை நிமிடத்துக்குள் கல்யாணமே முடிந்து குழந்தையும் பிறந்துவிடும். பாட்டு எழுதுகிறவருக்கோ பாடுகிறவருக்கோ இங்கே வேலை இல்லை. இசையமைப்பாளர் முழுச் சுதந்திரத்தோடு உட்காரும் இடம் இதுதான்.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அந்தச் சட்டத்துக்குள் பாட்டை அடைக்க வேண்டும் என்றால் முதலில் கத்தரி விழுவது வாத்தியத்தின் மேல்தான். படத்தில் கேட்ட முகப்பு இசை தட்டில் குறைந்திருக்கும். வானொலியில் இன்னும் மோசம். நேயர் விருப்பத்தில் ஊர் பேரும் ஆள் பேரும் வாசிக்கும்போது பின்னால் ஓடிக்கொண்டிருப்பது முகப்பு இசை. நேரம் போதாவிட்டால் இரண்டாவது இடையிசை தொடங்கும்போதே மெல்ல ஒலியைக் குறைத்துவிடுவார்கள். பல பாடல்களுக்கு இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே எனக்குக் கேசட் வந்த பிறகுதான் தெரியும்.

விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்தில் இடையிசைக்குத் தனி முகம் வந்தது என்று நினைக்கிறேன். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் வாசித்தவர்கள். ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்துபோக, அவர் பாதியில் விட்ட படங்களை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து தொடங்கி 1965 வரை சேர்ந்தே இசையமைத்தார்கள். அவர்களுடைய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' (புதிய பறவை, 1964) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீலாவின் குரல் தமிழில் பேசுகிறது, இடையிசை ஏதோ வெளிநாட்டு நடனக்கூடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே பாட்டுக்குள் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கின்றன. அதே படத்தின் 'எங்கே நிம்மதி' பெரிய வாத்தியக் குழுவுக்கே பேர் போனது. கதாநாயகன் மனசுக்குள் நடக்கிற கலவரத்தைக் கண்ணதாசனின் வரிகள் பாதி சொல்கின்றன, மீதியை வயலின்கள் சொல்கின்றன. டி.எம். சௌந்தரராஜன் அப்படி ஒரு குரலில் கதறியும் வயலின்கள் அமுங்கிப்போகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆனாலும் அந்தக் காலத்துப் பாடல்கள் நிறையவற்றில் ஒரு பழக்கம் உண்டு. முதல் இடையிசையே இரண்டாவது இடத்திலும் திரும்ப வரும். கேட்கிறவருக்கு அது வசதி, மூன்று நிமிடத்துக்குள் பழகிவிடும். எனக்கு மட்டும் ஒரு சின்ன ஏமாற்றம். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துபோகிறதே.

இந்தப் பழக்கத்தை ஏறக்குறைய முழுசாகக் கைவிட்டவர் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது எல்லாரும் பேசியது நாட்டுப்புற மெட்டைப் பற்றி. பேச வேண்டிய இன்னொரு விஷயம் அப்போதே தொடங்கிவிட்டது. அவர் பாடல்களில் முதல் இடையிசையும் இரண்டாவதும் பெரும்பாலும் வேறு வேறு. வாத்தியம் மாறும், தாளத்தின் நடை மாறும், சில பாட்டில் ஊரே மாறும். 1979-ல் வந்த 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'யில் வாணி ஜெயராம் பாடிய 'என்னுள்ளில் எங்கோ ஏங்கும் கீதம்' ஓர் உதாரணம். பல்லவி முடிந்து வாத்தியங்கள் கிளம்பினால் எங்கெங்கோ அலைகின்றன. இனி திரும்பி வர வழியில்லை என்று தோன்றும் நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போலச் சரணத்தின் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. அந்தத் திரும்பல் எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனையோ தடவை ரிவைண்ட் செய்து கேட்டிருக்கிறேன். டேப் தேய்ந்ததுதான் மிச்சம்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு அவர் வேலை செய்யும் முறையைப் பார்க்க வேண்டும். விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து, பாடிப் பாடிக் குழுவோடு சேர்ந்து உருவாக்குபவர். ராஜா மேற்கத்திய இசைக்குறிப்பில் எல்லாவற்றையும் தானே எழுதிவிடுவார். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது அது. காலையில் எழுதுவார், குழுவினர் தத்தம் பகுதியைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள், ஒத்திகை நடக்கும், சாயங்காலத்துக்குள் பாட்டு பதிவாகிவிடும். வயலின் வரிசை ஒன்றைச் சொல்ல, செல்லோ அதற்கு எதிர்ப்பேச்சு பேச, அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போவது எல்லாம் காகிதத்தில் எழுதினால்தான் நடக்கும். 'ராஜ ராஜ சோழன் நான்' பாட்டில் யேசுதாஸை விட்டுவிட்டு அந்த பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அது ஒரு தனிப் பாட்டு.

எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டிய காலம் அது. முப்பது நாற்பது பேரில் ஒருவர் தப்பினாலும் மொத்தக் கூட்டமும் திரும்ப முதலிலிருந்து. பாட்டின் மூன்றாவது நிமிடத்தில் நாலு விநாடி பிட் வைத்திருக்கும் புல்லாங்குழல்காரரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதுவரை எல்லாரும் சரியாக வாசித்துவிட்டார்கள், இப்போது அவர் முறை.

எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டு இடையிசைகளும் ஒரே படத்தில் இருக்கின்றன. 'தளபதி', 1991. 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' மும்பையில் பதிவானது. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ஜானகியும் பாடுவது பிரிவையும் காதலையும். இடையிசை முழுக்கப் போர். குரல்கள் கெஞ்சிக்கொண்டிருக்க, வயலின் கூட்டம் குதிரையில் கிளம்பிவிடுகிறது. காதலன் போருக்குப் போகிறான் என்ற கதையை வரிகளைவிட வாத்தியங்கள்தான் அதிகம் சொல்கின்றன. இன்னொன்று 'ராக்கம்மா கையத் தட்டு'. ஊரே ஆடும் குத்துப்பாட்டு நடுவில் சட்டென்று அமைதியாகி, அப்பர் தேவாரம் 'குனித்த புருவமும்' எழுகிறது. இடையிசை என்றால் வார்த்தை இருக்காது என்று நான் வைத்திருந்த இலக்கணம் அங்கே உடைந்தது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய வார்த்தையை அவர் ஒரு வாத்தியம் போல எடுத்து வைத்திருக்கிறார். அப்புறம் ஆட்டம் திரும்பவும் தொடங்குகிறது, அதே ராக்கம்மா. 2002-ல் பிபிசி நடத்திய உலக அளவிலான வாக்கெடுப்பில் இந்தப் பாட்டு நான்காவது இடத்தில் வந்தது. வாக்களித்தவர்கள் எதற்காக வாக்களித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் அந்தத் தேவாரத் திருப்பத்துக்காகத்தான் போட்டிருப்பேன்.

எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. வருடத்துக்கு நாற்பது ஐம்பது படம் செய்த காலத்தில் கணக்குக்கு வந்துபோன இடையிசைகளும் உண்டு. எண்பதுகளின் கடைசியில் அந்த எலக்ட்ரானிக் டிரம் சத்தம் நுழைந்த சில பாடல்களை இன்று கேட்டால் காது கூசுகிறது. ஆனால் அவருடைய சுமாரான பாட்டிலும் எங்காவது எட்டு விநாடி நிறுத்தி வைத்துவிடும்.

1986-ல் அவர் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பு வெளியிட்டார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் (Bach) சமர்ப்பணம். படம் கிடையாது, பாடல் வரி கிடையாது. அதை முதலில் கேட்டபோது, இத்தனை வருடமும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள் சொந்த வீடு கட்டிக் குடிபோனது போல இருந்தது. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

அந்தப் பெயரில்தான் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வாசித்தவர் பெயர் ஒன்றும் தெரியாது. கேசட் அட்டையில் போட்டிருக்க மாட்டார்கள். 'இளைய நிலா பொழிகிறதே' (பயணங்கள் முடிவதில்லை, 1982) என்றதும் நம் காதில் முதலில் கேட்பது எஸ்.பி.பி. குரலா, கிட்டாரா? கிட்டார்தான். திரையில் அதை வைத்திருந்தவர் மோகன். வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எனக்கு இருபது வருடம் கழித்துத் தெரிந்தது. அடுத்த வருடமே அந்த மெட்டு 'நீலே நீலே அம்பர் பர்' என்று இந்திக்குப் போனபோது கிட்டாரும் கூடவே போனது. அதை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்துப் போக யாராலும் முடியாது. ராஜாவின் குழுவில் டிரம்ஸில் சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மேனுவல், கிட்டாரில் சதானந்தம், புல்லாங்குழலில் நெப்போலியன். இந்த நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவர். பாடியதால் அவர் பெயர் கேசட்டில் வந்தது, வாசித்ததால் வரவில்லை.

வாசிக்கிற ஆளைக் கதாநாயகனாக வைத்துத் தமிழில் ஒரு படம் வந்தது, 'ராஜ பார்வை', 1981. கமல்ஹாசன் அதில் பார்வையற்ற வயலின் கலைஞர், பிழைப்பு சினிமா இசைக்குழுவில். சின்ன வயதில் அதைக் காதல் கதையாக மட்டும் பார்த்தேன். பிறகு பார்த்தபோதுதான் அந்த ஒலிப்பதிவுக்கூடமும் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களும் கண்ணில் பட்டார்கள்.

இதைத் தேடிப் படிக்கப் போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் கொண்டாடும் இசையமைப்பாளர்கள் எல்லாருமே அந்த வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சுப்பராமன் குழுவிலிருந்து. ராஜா, இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துகொண்டே கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு வாத்தியங்களை ஒழுங்குசெய்து நடத்தியவர். ரகுமானுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவர் போய்விட்டார். அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பையன் திலீப் என்ற தன் பழைய பெயரில் பல குழுக்களில் கீபோர்டு வாசித்தார், ராஜாவின் குழு உட்பட. அந்தப் பலகையில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தவருக்குத்தான் நாலு விநாடியின் விலை தெரியும். பாடகராக மட்டும் இருந்து இசையமைக்க வந்தவர்களின் இடையிசை பெரும்பாலும் எனக்கு ஒட்டுவதில்லை, அதற்கும் இதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம்.

ரகுமானோடு 1992-ல் எல்லாம் மாறியது. 'ரோஜா' கேசட்டை முதலில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பு, கொஞ்சம் கோபம். இடையிசை எங்கே? முப்பது வயலின் எங்கே? இருந்தது, ஆனால் வேறு மாதிரி. ஒருவர் வந்து வாசித்துவிட்டுப் போவார், இன்னொருவர் இன்னொரு நாள் வருவார். எல்லாம் தனித்தனித் தடங்களில் ஏறும். வாசிப்பவரை அவர் இஷ்டத்துக்கு வாசிக்கவிட்டு, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டும் முறையும் வந்தது. எழுதி வாங்குவது போய், வாசிக்கவிட்டுப் பொறுக்குவது. அதனால் அவருடைய இடையிசையில் கட்டடத்தைவிடக் காற்றுதான் அதிகம். எதிர்ப்பேச்சு குறைந்தது, தனி வாத்தியத்தின் குரல் பெரிதானது. 'டூயட்' (1994) படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், 'பம்பாய்' (1995) தீம் இசையில் நவீனின் புல்லாங்குழல். இந்தப் பெயர்கள் எனக்கு அப்போதே தெரிந்திருந்தன. காரணம், ரகுமான் வாசிப்பவர்கள் பெயரை அட்டையில் போட்டார். என் கோபத்தில் பாதி அதற்காகவே தணிந்தது.

இடையிசையைக் கூட்டம் எப்படிக் கேட்கும் என்பதற்குத் திருவிழா மெல்லிசைக் கச்சேரிதான் சாட்சி. பாடகர் சுருதி விலகினால் ஜனம் மன்னிக்கும், 'தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு' என்று விட்டுவிடும். 'இளைய நிலா' கிட்டார் பிட்டில் ஒரு ஸ்வரம் போனால் பின்வரிசையிலிருந்து விசில் வரும். சரியாக வந்துவிட்டால் பாடகர் அடுத்த வரியை எடுக்க முடியாத அளவுக்குக் கைதட்டல். ஒற்றைக் கீபோர்டில் முப்பது வயலினைக் கொண்டுவர முயலும் அந்தக் கலைஞரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுந்தரிக்கு இடையிசை வரும்போது அவர் இரண்டு கையும் போதாமல் தவிப்பார். பாடுகிறவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது பாட்டு சுருங்கிவிட்டது. செல்போனில் முப்பது விநாடித் துண்டாகப் போக வேண்டும் என்பதால் முகப்பு இசை நீண்டால் விரல் தாண்டிப் போய்விடும். நிறைய புதுப் பாடல்களில் இரண்டாவது சரணமே இல்லை, அப்புறம் எங்கே இரண்டாவது இடையிசை? இதைப் பற்றிப் புலம்ப எனக்கு ஆசைதான். ஆனால் '96' (2018) வந்த வருடம், 'காதலே காதலே'யின் வயலின் ரிங்டோனாக எல்லார் செல்போனிலும் கேட்டது. பாட்டின் வரிகளைவிட அந்த வயலின்தான் அதிகம் சுற்றியது. இசையமைத்த கோவிந்த் வசந்தாவே வயலின் கலைஞர். மறுபடியும் அதே பலகையிலிருந்து ஒருவர்.

எனக்கு இன்னும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு விநாடி இருக்கும். புல்லாங்குழல் இறங்கி வரும், வயலின்கள் அதைப் பாதி வழியில் தாங்கிப் பிடிக்கும், பிறகு ஒரு வீணை. எப்போதோ ஒரு ராத்திரிப் பேருந்துப் பயணத்தில் கேட்டது. எந்தப் பாட்டு என்று இன்றுவரை தெரியாது. பாட்டின் ஒரு வரி தெரிந்தால் தட்டச்சு செய்து கண்டுபிடித்துவிடலாம், புல்லாங்குழலை எப்படித் தட்டச்சு செய்வது? முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் வசதி செல்போனில் இருக்கிறது என்றார்கள். முனகினேன். மூன்று பாட்டு காட்டியது, மூன்றும் இல்லை.

போன மாதம் அக்காவுக்குத் தொலைபேசியில் பாடிக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்த வரி என்ன?" என்றாள்.